சித்தி கேட்ட சீந்தில் பொடி

“இதைச் சாப்பிடுங்கம்மா, எதிர்ப்பு சக்தி நல்லா ஏறும்.”

கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை. சீந்தில் பொடி டப்பாவைச் சித்தியிடம் நீட்டியபடி கடைக்காரர் சொன்னார்.

காசு எடுக்கச் சித்தி பையைத் திறந்ததும் மெத்தோட்ரெக்சேட் அட்டை எட்டிப் பார்த்தது. அதன் மேல் பேனாவால் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதியிருந்தது. வாரம் ஒரு நாள் போடவேண்டிய மாத்திரை அது. மறந்து தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

சித்திக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்குகிற நோய். அதை அடக்கத்தான் அந்த மாத்திரை. அப்புறம் அதையே ஏற்றிவிட ஒரு பொடியா? ஒரு கையால் மடையை அடைத்து மறு கையால் திறக்கிற கதைதான்.

கல்லீரல் வேறு இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் அதைப் பாதிக்கலாம் என்றுதான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சரி, சண்டை தீரும்வரை சித்தியின் கல்லீரலில் சோதித்துப் பார்க்க வேண்டாமே!

சித்த மருத்துவத்தோடு எனக்குச் சண்டையில்லை. ‘இயற்கைதானே’ என்கிற பேச்சோடுதான். அரளியும் நம் வேலியோரம் பூப்பதுதான்.

“வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?” என்று டாக்டர் கேட்டால் நம் ஊரில் பலரும் யோசிக்காமல் இல்லை என்பார்கள். பொடியும் கஷாயமும் மருந்துக் கணக்கிலேயே வராது.