சூயஸில் வெளுத்த சாயம்

அணுகுண்டும் ஐநா வீட்டோவும் இருந்தா வல்லரசுன்னு டீக்கடையில் இன்னிக்கும் ஒரே வாதம். 1956-ல் பிரிட்டன்கிட்ட ரெண்டுமே இருந்துச்சு. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினதும் பிரான்ஸ், இஸ்ரேலோட சேர்ந்து எகிப்து மேல பாய்ஞ்சாங்க. நவம்பர் 5-ல் போர்ட் சயீதில் பாராசூட் வீரர்கள் குதிச்சாங்க. மறுநாள் நள்ளிரவே போர்நிறுத்தம்!

சோவியத் மிரட்டலும் இருந்துச்சுதான். ஆனா கழுத்தைப் பிடிச்சது பிரிட்டன் நாணயமான பவுண்டு. டாலர் கையிருப்பு கரையுது, ஐஎம்எஃப்ல (சர்வதேச நாணய நிதியம்) கை நீட்டினா, படையை எடுக்கிற வரைக்கும் பணம் கிடையாதுன்னு அமெரிக்காவின் ஐசனோவர் அரசு முட்டுக்கட்டை. சொந்தக் கூட்டாளியே!

டிசம்பர் 3-ல் வாபஸ் அறிவிப்பு. 10-ம் தேதி கடனுக்கு ஒப்புதல், 56 கோடி டாலர். ஜனவரியில் பிரதமர் ஈடன் ராஜினாமா. உடம்பு சரியில்லையாம்.