செம்போத்து: ஒரு பெயரின் பின்னால் சில நாட்கள்

ஜூன் 9, காட்பாடி

விடியற்காலையில் கிணற்றடி வேலிப் புதரிலிருந்து 'ஊப், ஊப்' என்று அடித்தொண்டையில் எழுந்த குரல், நான் கஞ்சி குடித்து முடிக்கும்வரை ஓயவில்லை. எட்டிப் பார்த்தபோது, கருத்த உடலும் செம்பு நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாகச் செம்போத்து ஒன்று, பறக்கச் சோம்பியதுபோல் தரையிலேயே நடந்து சென்றது. 'செம்' என்பது சிறகின் நிறம். 'போத்து' என்னும் சொல்தான் நாள் முழுவதும் என்னை விடவில்லை.

ஜூன் 10

தொல்காப்பிய மரபியலைப் புரட்டினேன். எருமை, புலி, மரை முதலியவற்றின் ஆணைப் போத்து என்பது மரபு. நீர்வாழ் உயிர்களுக்கும் அப்பெயர் உரியது. அவ்வாறாயின் செம்போத்து 'சிவந்த ஆண்' ஆகிறது. ஆனால் இப்பறவையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் ஒன்றே. பெண் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். மாலையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா முருங்கைப் போத்து நட்டுக்கொண்டிருந்ததைக் கண்டதும், கிளையைக் குறிக்கும் போத்தும் நினைவுக்கு வந்தது. கிளைக்கும் இப்பறவைக்கும் முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை. சேவலைப் போல் மிடுக்காக நடப்பதைப் பார்த்தவர்கள் எல்லாவற்றையும் ஆணென்றே அழைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஜூன் 13

பெரியம்மா வீட்டில் தெலுங்கு பேசுபவர். "அது ஜெமுடு காகி, தம்பி" என்றார். 1911 வரை சித்தூரும் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. இங்கே ஒரு பறவைக்கு இரண்டு மொழிப் பெயர் இருப்பதில் வியப்பில்லை. ஜெமுடு என்றால் கள்ளி. ஆகவே இது கள்ளிக் காகம். தமிழ்ப் பெயர் நிறத்தைப் பார்க்க, தெலுங்குப் பெயர் அது பதுங்கும் புதரைப் பார்க்கிறது. உண்மையில் இது காகமன்று, குயில் குடும்பம். ஆனால் குயிலைப் போல் அயலார் கூட்டில் முட்டையிடாமல், தானே கூடு கட்டும்.

கன்னடத்தில் இதுவே கெம்பூத. நம் செவி அங்கே கிவி ஆவதுபோல், நம் 'செம்' அங்கே 'கெம்'. நகைக்கடையில் நாம் கேட்கும் கெம்புக் கல்லிலும் அந்தச் சிவப்பே இருக்கிறது.

ஜூன் 17

அறிவியல் பெயர் சென்ட்ரோபஸ் சைனென்சிஸ். முதற்பாதி கிரேக்கம்: முள் போன்ற நகமுடைய காலைக் குறிப்பது. மறுபாதிக்குச் 'சீனத்தைச் சேர்ந்தது' என்று பொருள். காட்பாடி வேலியில் பிறந்து வளரும் பறவைக்குச் சீனத்து முகவரி! இன்று முருங்கைப் போத்தின் அடியில் அது நத்தையைக் கொத்திக்கொண்டிருந்தபோது, பின்விரலின் நீண்ட, நேரான நகத்தைத் தெளிவாகக் கண்டேன்.