மூன்று நீள ஸ்க்ரூ

கோவையில் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனியின் டிசைன் பிரிவில் சேர்ந்த புதிது. வாரன்டியில் திரும்பி வந்த டேபிள் டாப் கிரைண்டர்களைப் பிரித்துப் பார்த்தால் பலவற்றில் ஒரே கோளாறு. மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்றான வைண்டிங்கில் ஒரே இடத்தில் கருகியிருக்கும். அசெம்பிளியில் கவனம் போதவில்லை என்று முடிவுகட்டி, இரண்டு பேருக்கு மெமோ கொடுத்தார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வாரம் லைனிலேயே போய் உட்கார்ந்தேன். மேசையில் மூன்று டப்பா: 10, 12, 16 மி.மீ. நீளத்தில் எம்4, அதாவது 4 மி.மீ. தடிமன் ஸ்க்ரூக்கள். மோட்டார் மூடிக்கு 10, ஒயர் கிளாம்புக்கு 12, சுவிட்ச் பிளேட்டுக்கு 16. மூடியில் தவறி 16 ஏறினால் நுனி உள்ளே நீண்டு வைண்டிங்கைத் தொடும். டெஸ்டிங்கில் பாஸாகிவிடும். வீட்டில் மாவரைத்து அதிர அதிரக் கம்பி மேலிருக்கும் வார்னிஷ் பூச்சு தேய்ந்து, சில மாதத்தில் ஷார்ட்.

“சாயங்காலமானா பத்தும் பதினாறும் ஒண்ணாத்தான் தெரியுதுங்க தம்பி” என்றார் அங்கிருந்த அக்கா. தப்பு அவர் கையில் இல்லை, எங்கள் டிராயிங்கில் இருந்தது.

பாகங்களைக் குறைத்து எளிதாக மாட்டும்படி வடிவமைக்க பூத்ராய்டு, டியூஹர்ஸ்ட் என்ற பொறியாளர்கள் வகுத்த மூன்று கேள்விகளைக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். ஓடும்போது இந்தப் பாகம் தனியே அசைய வேண்டுமா? வேறு பொருளில்தான் செய்தாக வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றதை மாட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் இல்லை என்றால் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். அன்றைக்குத்தான் அவற்றின் அர்த்தம் புரிந்தது.

ஒயர் கிளாம்பை அடித்தட்டோடு சேர்த்தே வார்த்தோம். சுவிட்ச் பிளேட்டுக்கு ஸ்க்ரூ போய்க் கொக்கி வந்தது. கொக்கிக்காக டையில், அதாவது வார்ப்பு அச்சில், பக்கவாட்டில் நகரும் ஸ்லைடு வைத்தால் செலவு ஏறும் என்று முதலாளி தயங்கினார். கொக்கிக்கு நேர் கீழே தட்டில் ஒரு ஜன்னல் விட்டோம், ஸ்லைடே தேவைப்படவில்லை. முதல் சாம்பிளில் கொக்கிகள் அடியோடு ஒடிந்தன. வேரில் கூர்மூலையாக இருந்ததை வளைவாக்கிய பிறகு நின்றன. சர்வீஸ் மெக்கானிக் ஒருவர், “மாட்டறது சுளுவுங்க, கழட்டறது எப்படி?” என்று கேட்டார். நாங்கள் யாருமே யோசிக்காத கேள்வி. ஸ்க்ரூடிரைவர் நுனி நுழைய ஒரு காடி வெட்டினோம்.

மேசையில் மிஞ்சியது 10 மி.மீ. டப்பா மட்டும். வைண்டிங் கருகி வருவது நின்றது.

மெமோ இரண்டையும் திரும்பப் பெறச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. இன்னொருவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்.