மணலியில் தொடங்கி ரிச்சி தெரு வரை: நாற்பது வருடப் பழைய எதிர்காலம்

1982-இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' என்ற ஹாலிவுட் அறிவியல் புனைகதைத் திரைப்படம், 2019 நவம்பர் மாதத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரை இரவில் வானிலிருந்து காட்டித் தொடங்குகிறது: கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆலைகள், புகைபோக்கிகளின் உச்சியில் குபீரென்று எழும் தீப்பிழம்புகள். மழைக்கால மாலையொன்றில் மணலியிலிருந்து திருவொற்றியூர் நோக்கி ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது, சுத்திகரிப்பு ஆலையின் உயரக் குழாய் நுனியில் எரிந்த நெருப்பு ஈரச் சாலையில் செம்மஞ்சளாகப் படர்ந்திருந்ததைக் கண்டதும் அந்தக் காட்சிதான் மனத்தில் ஓடியது. இயக்குநர் ரிட்லி ஸ்காட் அக்காட்சிக்கு முன்மாதிரியாகக் கொண்டது தாம் அறிந்த வடகிழக்கு இங்கிலாந்தின் டீஸைடு ரசாயன ஆலைகளை என்பதால், மணலிக்கும் அதற்கும் உள்ள சாயல் தற்செயலானதன்று.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினேன். வண்ணாரப்பேட்டையை நெருங்கும் முன்பு பூமிக்குள் இறங்கிவிடும் இந்த ரயில், அதுவரை மொட்டைமாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மேலாகவே ஓடுகிறது. படத்தில் மழை ஓய்வதே இல்லை; நிஜமான 2019-இலோ சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நாள் குறித்து ஆரூடம் சொல்லும் கதைகளுக்கு நேரும் வழக்கமான கதிதான் இது.

வெளிவந்தபோது படம் பெரிதாக ஓடவில்லை. வீடியோ கேசட்டுகளும், 1992, 2007 ஆண்டுகளில் வந்த திருத்திய வடிவங்களும்தான் அதற்கு மறுவாழ்வு தந்தன. தம் முதல் நாவலான 'நியூரோமான்சரை' எழுதிக்கொண்டிருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் வில்லியம் கிப்சன், தாம் கற்பனை செய்த உலகம் திரையில் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று பதறிப் பாதியிலேயே அரங்கைவிட்டு வெளியேறியிருக்கிறார். 1995-இன் ஜப்பானிய அனிமேஷன் படமான 'கோஸ்ட் இன் த ஷெல்', 2020-இல் வந்த 'சைபர்பங்க் 2077' விளையாட்டு என்று அதன் வாரிசுகளின் வரிசை நீளமானது. கதையைவிட அந்த நகரத்தின் தோற்றத்தையே அவை அதிகம் எடுத்துக்கொண்டன.

அந்தத் தோற்றத்தின் சூட்சுமம் நியான் விளக்கில் இல்லை என்பது என் எண்ணம். வடிவமைப்பாளர் சிட் மீடும் அவருடன் உழைத்தவர்களும் எதிர்காலத்துக்கென்று புத்தம்புது நகரை எழுப்பவில்லை. பழைய கட்டடங்களை இடிக்காமல் அவற்றின் மேலேயே குழாய்களையும் கம்பிகளையும் இயந்திரங்களையும் ஏற்றினார்கள். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி அண்ணா சாலைக்கு வந்தால் அதே முறையை நேரில் பார்க்கலாம்: வெள்ளைக்காரர் காலத்து வளைவுச் சன்னலை மறைத்தபடி ஏ.சி. பெட்டி, அதன் மேல் கேபிள் கற்றை, அதற்கும் மேலே எல்.இ.டி. பலகை. நம் புகைப்படக்காரர்கள் மழை இரவுகளை ஊதாவும் நீலமுமாகச் சாயமேற்றி இன்ஸ்டாகிராமில் இடும்போது, அந்த நிறம் சென்னையுடையது அன்று, அந்தப் படத்திடம் வாங்கிய கடன். அண்ணா சாலையை ஒட்டிய, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் உண்மையான வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் டியூப்லைட் வெள்ளை.

இன்னொரு கடனும் உண்டு. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காதது. சீன, ஜப்பானிய எழுத்துகள், தெருவோர நூடுல்ஸ் கடை, பல மொழி கலந்த பேச்சு, தோளோடு தோள் உரசும் நெரிசல் ஆகியவற்றை நகரம் கெட்டுப்போனதன் அடையாளமாகப் படம் வைத்தது. பின்னால் வந்தவர்களில் பலர் கேள்வி கேட்காமல் அதை அப்படியே பின்பற்றினார்கள். தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து பேரம் நடக்கும் ரிச்சி தெருவில் நடப்பவருக்கு நெரிசல் அழிவின் அறிகுறியாகத் தோன்றாது, வியாபாரம் நன்றாக நடப்பதாகவே தோன்றும்.

கட்டிலகலக் கடையொன்றில் என் கைப்பேசியைக் கொடுத்தேன். கடைத் தம்பி அதைத் திறந்து, உள்ளிருந்த சர்க்யூட் பலகையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, சாமணத்தால் எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு, "சார்ஜிங் ஐ.சி. போயிடுச்சு சார், அரை மணி நேரம் ஆகும்" என்றார். படத்திலும் அப்படியொரு கடை உண்டு: துப்பறிபவன் கொண்டுவரும் செதிலைத் தெருக்கடைப் பெண்ணொருத்தி நுண்ணோக்கியில் வைத்து, அது செயற்கைப் பாம்பினுடையது என்று சொல்லி, அதிலுள்ள தயாரிப்பு எண்ணைப் படித்துக் காட்டுவாள். ஒரு நிமிடம்கூட வராத பாத்திரம். மழையையும் விளக்கையும் நகலெடுத்த பல படங்கள் இப்படித் தொழில் தெரிந்த ஒரு கடைக்காரியை வைக்க மறந்துவிட்டன. அவற்றின் நகரங்கள் வெறும் செட்டாக நிற்பதற்குக் காரணம் அதுதான்.