பீட் மண் (முழுதாக மக்காத தாவரங்கள் சேர்ந்த ஈரநில மண்) தீவன வயல்: பசுமை இல்ல வாயு அளவுக் குறிப்புகள்

ஏப்ரல் 9
உறைந்த மண் இளகும் வாரம். நைட்ரஸ் ஆக்சைடு சில நாட்களுக்குள் திடீரென உயர்ந்து அடங்கிவிடும். மாதம் ஒருமுறை மட்டும் அளந்தால் இது கணக்கிலேயே வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் அளவு.

மே 3
நிலத்தடி நீர்மட்டம் பார்க்கத் துளையிட்ட பிவிசி குழாய்கள், 1.2 மீட்டர் ஆழத்துக்கு: இரண்டு வடிகால் ஓரம், இரண்டு நடுவயல். நடுவில் தண்ணீர் 45 செ.மீ. கீழே. ஆண்டுச் சராசரி 30 செ.மீ. அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) கணக்கில் அது ஆழமாக வடிக்கப்பட்ட நிலம். மிதவெப்ப மண்டலத்தின் சத்துமிக்க புல்நிலத்துக்கு அதன் 2013 ஈரநில வழிகாட்டி தரும் உமிழ்வுக் காரணி ஆண்டுக்கு எக்டருக்கு 6.1 டன் கார்பன், அதாவது சுமார் 22 டன் கார்பன் டை ஆக்சைடு. காற்று நுழைந்த பீட் மக்குவதுதான் காரணம்.

மே 24
மூன்று வாரம் முன்பே மண்ணில் பதித்த வளையங்களின் மேல், வெளிவரும் வாயுவைப் பிடிக்கும் மூடிய பெட்டி வைத்து அளவு. பதித்த கையோடு அளந்தால் அறுந்த வேர்களின் வாயுவும் சேர்ந்துவிடும். வாயு மாதிரி 0, 10, 20, 30ஆவது நிமிடங்களில். ஒரு வளையத்தில் மீத்தேன் முதல் மாதிரியிலேயே எகிறியிருந்தது. நடைபலகையை விட்டு மண்ணை மிதித்தால் குமிழ்கள் கிளம்பும், அந்த அளவு செல்லாது.

ஜூன் 14
முதல் அறுப்பு, எக்டருக்கு 3.5 டன் உலர்பொருள்.

பலரும் சறுக்குவது இங்கேதான். ஒளிபுகும் பெட்டியில் வயல் கார்பனை உறிஞ்சுவதாகத் தெரியும். இருட்டுப் பெட்டியில் சுவாசம் மட்டுமே தெரியும். இரண்டும் முழுக்கணக்கு அல்ல. உறிஞ்சிய கார்பன் புல்லாகி வயலை விட்டுப் போகிறது: உலர்பொருளில் சுமார் 45% என்றால் இந்த அறுப்பில் மட்டும் 1.6 டன். அதை இழப்பில் கூட்டி, எருவாகத் திரும்புவதைக் கழித்தால்தான் மண்ணின் நிலை தெரியும். விளைச்சல் கூடக்கூட இந்தப் பிழையும் பெருகும்.

ஜூலை 2
மதகுப் பலகையை ஏற்றி வடிகால் நீரைத் தரைக்கு 20 செ.மீ. கீழே நிறுத்தியாயிற்று. நடுவயலில் இன்னும் 41. புல் குடிக்கும் வேகத்துக்கு, இறுகிய பீட் வழியே நீர் பக்கவாட்டில் ஊர்வதில்லை. 4 முதல் 6 மீட்டர் இடைவெளியில் நீரடிக் குழாய் (வடிகால் நீரை மண்ணுக்கடியில் வயலுக்குள் கொண்டுசெல்லும் துளைக்குழாய்) பதிக்காமல் மதகை மட்டும் நம்புவது வீண்.

ஜூலை 19
இரண்டாம் அறுப்புக்கு முன் தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தைக் குறைத்தோம். மக்கும் பீட்டே தழைச்சத்தை விடுவிக்கிறது. மிஞ்சுவது நைட்ரஸ் ஆக்சைடாகும். மறுவிதைப்புக்கு ரீட் கேனரி புல், ஈரம் தாங்கும். டிராக்டருக்கு அகலமான, காற்றழுத்தம் குறைந்த டயர்.

ஆகஸ்ட் 6
கனமழை, தாழ்வான மூலையில் தண்ணீர் தேக்கம். தேங்கி நின்றால் மீத்தேன் ஏறும். மதகில் ஒரு பலகை இறக்கம். வடிகால் நீர்ப்பரப்பும் மீத்தேன் விடும், அங்கே மிதக்கும் பெட்டியில் தனி அளவு.