வீடு மாறும் வரை: தோட்டக் குறிப்புகள்

மார்ச் 1

எலுமிச்சையில் இரண்டு கிளைகளுக்குப் பதியம் கட்டியாயிற்று, மரத்தில் இருக்கும்போதே வேர் விட வைத்து, பிறகு வெட்டித் தனிச் செடியாக எடுத்துப்போக. பென்சிலைவிடக் கொஞ்சம் பருமனான கிளைகள். கணுவுக்குக் கீழே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தேன். உரித்ததோடு விட்டுவிடக் கூடாது. உள்ளே வழவழவென்று ஈரமாக ஒரு படலம் இருக்கும், அதையும் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மரம் அதை வைத்தே புதுப் பட்டை வளர்த்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடும், வேர் விடாது. உள்கட்டை வெளுத்து, விரலுக்குச் சொரசொரவென்று தட்டுகிற வரை சுரண்டினேன். நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை வைத்து, பாலித்தீன் தாளைச் சுற்றி, இரு முனையையும் இறுகக் கட்டினேன். அதற்கு மேல் பழைய துணி, வெயில் படாமல் இருக்க.

மழைக்காலத்தில் செய்ய வேண்டிய வேலை இது. மழைக்காலத்தில் இங்கே இருக்க மாட்டோம்.

மார்ச் 3

வெண்டை பறித்தேன். வேறு எதுவும் ஓடவில்லை.

மார்ச் 6

வெயில் ஏறிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் தொட்டிகளின் விளிம்பில் கை வைக்க முடியவில்லை. இனி விடிந்ததும் முதல் வேலை தண்ணீர்தான். தரையில் இருக்கும் செடிகளுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேல் மண் மட்டும் நனையும், வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே வரும், அப்புறம் மதிய வெயிலில் அதுதான் முதலில் வேகும். ஒருநாள் விட்டு ஒருநாள், வாய்க்காலில் நின்று ஊறுகிற மாதிரி விட வேண்டும். தொட்டிகள் பாவம், அவற்றுக்கு இடம் இல்லை, தினமும் வேண்டும்.

காய்ந்த இலைச் சருகை எல்லாம் கூட்டி மூடாக்குப் போட்டேன். மூன்று விரல் கனம். தண்டை ஒட்டிப் போடாமல் சுற்றிலும் இடம் விட்டேன், இல்லையென்றால் தண்டு அழுகும். கத்தரிப் பாத்தியில் சருகைப் போட்டுவிட்டு மாலையில் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். மேலே சூடு, அடியில் ஜில்லென்று இருந்தது. சும்மா அப்படியே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சருகு மக்கி மண்ணாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் யார் கையில் இருக்குமோ இந்த மண்.

மார்ச் 9

பதியத்தைத் தொடவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். இலை வாடவில்லை.

வாடாதுதான். வேரிலிருந்து தண்ணீர் கட்டைக்குள்ளே ஏறுகிறது, பட்டையை உரித்தால் அதற்குத் தடை இல்லை. இலை சமைக்கிற சாப்பாடுதான் பட்டை வழியே கீழே இறங்கும். அது இப்போது வளையத்தில் வந்து நின்றுவிடும். நின்று தேங்கித்தான் அங்கே வேராக மாற வேண்டும். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் காலையில் எழுந்ததும் கால் தானாக அங்கே போகிறது.

மார்ச் 12

தக்காளி பூவை உதிர்க்க ஆரம்பித்துவிட்டது. காம்பு மஞ்சளாகி, தொட்டால் கழன்று விழுகிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுவிடும், பிஞ்சு பிடிக்காது. இனி இருக்கிற காய்களைக் காப்பாற்றுவதுதான் வேலை. செங்காயாக இருக்கும்போதே பறித்து உள்ளே வைத்துப் பழுக்க வைக்கிறேன். செடியிலேயே விட்டால் வெயில் பட்ட பக்கம் வெளுத்து வெந்துபோகிறது, மிச்சத்தைப் பறவை கொத்துகிறது.

நல்ல செடியாகப் பார்த்து அதில் மட்டும் இரண்டு பழங்களை நன்றாகச் சிவக்க விட்டேன், விதைக்கு. பிழிந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று நாளில் நுரைத்து நாறும், நாறினால்தான் விதையைச் சுற்றி இருக்கிற வழவழப்பு கழன்று போகும். சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள்.

மார்ச் 13

வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். டேப் பிடித்து அளந்தார். எலுமிச்சை நிற்கிற இடத்தையும் சேர்த்து.

மார்ச் 14

கார் நிறுத்த இடம் வேண்டுமாம். என் கணவர் ஏன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை? “நம்ம மரமா அது” என்கிறார். அத்தை வைத்த மரம் நம் மரம் இல்லாமல் வேறு யாருடையது? இருந்த கடைசி வருடம் வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் அடியில் சொட்டுத் தண்ணீர் வீணாகாமல் பார்த்துக்கொண்டவர்.

இன்று தோட்டத்துப் பக்கம் போகவில்லை. தண்ணீர் பெரியவள் விட்டாள்.

மார்ச் 17

கத்தரியில் மூன்று நுனிகள் தலை தொங்கி நிற்கின்றன. தண்ணீர் போதாமல் வாடினால் செடி முழுக்க வாடும். நுனி மட்டும் தொங்கினால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. ஒரு நுனியைக் கிள்ளிப் பிளந்து பார்த்தேன். வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு புழு, தான் குடைந்த வழியிலேயே பின்னோக்கி நகர்ந்தது. தொங்குகிற நுனியை எல்லாம் வாட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். குப்பையோடு போட்டால் பூச்சியாகித் திரும்பி வரும். விட்டுவைத்தால் அடுத்தது காய்க்குள் போகும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. எறும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அது கசிகிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி அடித்தேன்.

“போகப் போகிற இடத்துக்கு எதுக்கு மருந்து அடிக்கிறே” என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. அக்கா, இந்தச் செடிக்கு நாம் போகப் போவது தெரியாதே.

மார்ச் 20

சுரையில் மாலைப் பூ. வெயில் இறங்கினதும் ஒவ்வொன்றாகப் பிரிகிறது, கசங்கின வெள்ளைக் காகிதத்தை யாரோ மெதுவாகப் பிரித்து விடுவது போல. நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. பெண் பூவுக்குக் கீழே அப்போதே குட்டியாக ஒரு சுரைக்காய், மேலெல்லாம் பட்டு மாதிரி ரோமம். அந்தி நேரத்தில் வருகிற அந்துப்பூச்சி இந்த வருடம் குறைவு, பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. அதனால் நானே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவினேன். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. பெண் பூவின் காம்பில் சிவப்பு நூல்.

இப்போது பிடித்தால் இரண்டு வாரத்தில் இளங்காய். அது நம் கணக்கில் வரும்.

மார்ச் 22

ஒரு பதியம் போயிற்று. அடிக்கட்டு வழியாக எறும்பு புகுந்து நார்த்தூளை எல்லாம் வெளியே தள்ளியிருக்கிறது. உள்ளே காய்ந்து கிடக்கிறது, கிளையும் கருத்துவிட்டது. நேற்று பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

இன்னொன்றின் கட்டுக்கு மேலும் கீழும் விளக்கெண்ணெய் தடவினேன். எறும்பு தாண்டாது என்று அத்தை சொல்வார்.

மார்ச் 27

புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். மண் இல்லை. பால்கனி, அதுவும் மேற்கு வெயில். மாடியில் வைக்கலாம் என்கிறார்கள், எத்தனை தொட்டி என்று சொல்லவில்லை.

வழியெல்லாம் எதை எடுப்பது, எதை விடுவது என்றே ஓடியது. மிளகாய் வரும், தொட்டியில்தானே இருக்கிறது. கறிவேப்பிலையில் பக்கக் கன்று ஒன்றைத் தோண்டலாம், தாய் வேரிலிருந்து வெட்டிப் பிரித்துக் கொஞ்ச நாள் அங்கேயே விட்டுவைத்தால் தன் வேரில் நிற்கப் பழகும். செம்பருத்தி குச்சியிலேயே வரும். மல்லிகை இப்போதுதான் மொட்டு வைத்திருக்கிறது, இந்த நேரத்தில் எப்படித் தோண்டுவது? முருங்கையை நினைக்கவே வேண்டாம்.

மார்ச் 28

மல்லிகையை விட்டுவிடுகிறேன். அக்காவுக்குச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2

துணியைப் பிரித்துப் பார்த்தேன். பாலித்தீனுக்குள் ஒரு வெள்ளை நுனி!

ஏப்ரல் 3

அது நாராக இருந்தால்? பூஞ்சணமாக இருந்தால்? இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு “வேர்தான்” என்றார். “நீங்க சும்மா எனக்காகச் சொல்லாதீங்க” என்றேன். மறுபடி போய்ப் பார்த்தார். “வேர்தான்மா.”

ஏப்ரல் 8

சிவப்பு நூல் சுரைக்காய் பறித்தாயிற்று. நகத்தை வைத்து லேசாக அழுத்தினால் இறங்க வேண்டும், அதுதான் பக்குவம். ரோமம் இன்னும் முழுதாக உதிரவில்லை. கொடியின் அடியில் பிப்ரவரியில் விதைக்கென்று விட்ட காய் இருக்கிறது. அது ஓடு இறுகி, பழுப்பேறி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும். இன்னும் குலுங்கவில்லை.

வெண்டை இந்த வெயிலில் பேய் வளர்ச்சி. ஒருநாள் தள்ளினால் நார் ஏறிவிடுகிறது. நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் அது விதைக்கு. இரண்டு இலைகளில் நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. வெள்ளை ஈ கொண்டுவருகிற நோய், மருந்து கிடையாது, மற்றச் செடிகளுக்குப் பரவுவதற்குள் அந்தச் செடியை வேரோடு பிடுங்கினேன். பிடுங்கும்போது அதில் ஒரு பூ இருந்தது. வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. நல்ல பூ.

ஏப்ரல் 12

விதை நாள். கொத்தமல்லி எப்போதோ பூவெடுத்துக் காய்ந்து நிற்கிறது, உருவி எடுத்தேன். முற்றின வெண்டையை நெற்று வெடிக்கிறதற்கு முன்னால் பறித்து உதிர்த்தேன். கத்தரி மஞ்சளாகப் பழுத்தது ஒன்று. எல்லாம் நிழலில் உலர வேண்டும், அப்புறம்தான் புட்டிக்குள். ஈரத்தோடு அடைத்தால் அத்தனையும் பூஞ்சணம் பிடிக்கும். பெரியவள் பெயர் எழுதி ஒட்டினாள். ஒரு புட்டியில் “பாட்டி மிளகாய்” என்று எழுதியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏப்ரல் 16

தாள் ஓரத்தில் வேர் வளைந்து ஓடுகிறது, கிளை பிரிந்து. இருந்தாலும் பாதி இன்னும் வெள்ளை. வெள்ளை வேர் தொட்டால் ஒடிகிற பருவம். பழுப்பேற வேண்டும், அப்போதுதான் மண்ணில் தாங்கும். இப்போதே வெட்டினால் வேர் போதாமல் வாடலாம். வெட்டாமல் வைத்திருந்து போகிற அன்று வெட்டினால், வெட்டின அன்றே வண்டியில் ஆட்டம், புது இடம், மேற்கு வெயில். எந்தச் செடியும் அதைத் தாங்காது. வெட்டித் தொட்டியில் வைத்து ஒரு வாரமாவது இங்கேயே நிழலில் நிற்க வேண்டும். இவர் “இன்னும் நாலு நாள் விடு” என்கிறார், அக்கா “இப்பவே வெட்டு” என்கிறார். இரவு முழுக்க இதேதான். எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். டார்ச்சில் எல்லா வேரும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 18

வெட்டினேன். அதிகாலையில், கட்டுக்கு ஓர் அங்குலம் கீழே. நார்த்தூளை உதிர்க்காமல் உருண்டையை அப்படியே தொட்டியில் இறக்கினேன். இலையில் பாதியைக் கத்தரித்தேன், இருக்கிற வேருக்கு அத்தனை இலை அதிகம். நடுங்கினது கை.

ஏப்ரல் 19

இலை தொங்குகிறது. மதியம் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன், சுற்றிலும் தண்ணீர் தெளித்தேன். மண்ணில் ஊற்றவில்லை, ஊற்றினால் அழுகும்.

ஏப்ரல் 21

இரண்டு இலை விழுந்தது. மற்றவை காலையில் நிமிர்ந்திருந்தன, மதியம் மறுபடி தொங்கின. காலையில் நிமிர்ந்ததே, அது போதும் இன்றைக்கு.

அவரைக் கொடியைப் பிரித்து எடுத்துவிட்டேன். பந்தல் கயிறு வேண்டும், மூட்டை கட்ட.

ஏப்ரல் 22

வண்டி மூன்று நாள் முன்னாலேயே வருகிறதாம். நாளை மறுநாள் காலை. தொட்டிகளுக்கு முந்தின நாள் மாலையில்தான் தண்ணீர் விட வேண்டும், ஏற்றுகிற அன்று விட்டால் மண் கனத்துத் தொட்டி விரியும். மிளகாயை நடுவில் வைக்கச் சொல்ல வேண்டும், காற்று அடிக்காத பக்கம். எலுமிச்சை என் மடியில் வரும், அதை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். சுரை விதைக்காயை அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், குலுங்கினால் போன் செய்வார். நாளைக் காலை வெண்டை பறிக்க வேண்டும், இல்லையென்றால் முற்றிவிடும்.