பேரல் ஆட்டம் – ஏர்கன் நாட்குறிப்பு

ஜனவரி 11

இந்த பிசிபி ரைஃபிள் (சிலிண்டர்ல அடைச்ச காத்தால பெல்லட்ட, அதாவது சின்ன குண்ட, தள்ளுற துப்பாக்கி) ஒரே டார்கெட்ல ரெண்டு க்ரூப் போடுது, அதாவது குண்டெல்லாம் ரெண்டு இடத்துல கூட்டமா விழுது. பெல்லட் மாத்தியாச்சு, ஸ்கோப் (குறி பாக்குற லென்ஸ் குழாய்) மவுண்ட் இறுக்கியாச்சு, ம்ஹூம். தனித்தனியா பாத்தா ரெண்டுமே சின்ன க்ரூப்புதான், ஆனா நடுவுல நல்ல இடைவெளி. பெல்லட் சரியில்லன்னா எல்லா பக்கமும் சிதறும், இப்படி ரெண்டு இடத்துல மட்டும் சேராது. லோட் பண்றதுக்கு முன்னாடி பேரல் (குண்டு வெளிய வர்ற குழல்) நுனிய லேசா மேல தள்ளிட்டு சுட்டா மேல விழுது, கீழ அமுக்கிட்டு சுட்டா கீழ. பேரல்தான் ஆடுது, அப்புறம் என்ன சந்தேகம்?

ஜனவரி 12

சும்மா கணக்கு போட்டு பாத்தேன். 500 மிமீ பேரல், ரிசீவர் (பேரல் சொருகியிருக்குற உடம்பு) பக்கம் அச்சா வச்சு நுனி 0.1 மிமீ நகந்தா 10 மீட்டர்ல 2 மிமீ, 25 மீட்டர்ல 5 மிமீ. 0.1 மிமீன்னா ஒரு தாள் கனம். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்ல நடுவுல இருக்குற பத்து பாயிண்ட் இடம் வெறும் 0.5 மிமீ புள்ளி!

ஜனவரி 18

இன்னிக்கு கழட்டியாச்சு. காத்த முழுசா இறக்கி, உள்ள பெல்லட் இல்லன்னு பாத்துட்டுதான் ஆலன் கீய தொடணும், 200 பார் அழுத்தம்ங்கறது விளையாட்டு இல்ல. பேரல் 16 மிமீ, ரிசீவர் ஓட்டை அதவிட ஒரு இழை பெருசு, மேலருந்து ரெண்டு கிரப் ஸ்க்ரூ (தலை இல்லாத ஸ்க்ரூ), அவ்ளோதான் பிடிப்பு. ஸ்க்ரூ நுனி பதிஞ்ச குழி வட்டமா இல்லாம நீளவாக்குல இழுபட்டிருக்கு, ஓரமெல்லாம் தேஞ்சு பளபளன்னு. ஸ்க்ரூ மேலருந்து அமுக்குறப்போ பேரல் கீழ ஒரே கோட்டுல போய் சாயுது, ரெண்டு பக்கமும் காலியாவே இருக்கு, அப்புறம் ஆடாம என்ன செய்யும்.

யார கேட்டாலும் இன்னும் இறுக்குங்கறாங்க. எனக்கு அதுல சம்மதமே இல்ல. ரொம்ப இறுக்குனா அந்த இடத்துல பேரலோட உள்வட்டமே அமுங்க வாய்ப்பிருக்கு, க்ளீனிங் ராடால பெல்லட்ட மெதுவா தள்ளிப் பாருங்க, ஸ்க்ரூ வர்ற இடத்துல திடீர்னு பிடிக்கும். ஸ்க்ரூ வேலை பேரல் வெளிய வராம, திரும்பாம பிடிச்சுக்கறது. நேரா நிறுத்தறது ரிசீவர் ஓட்டையோட வேலை, அங்க இடைவெளி இருந்தா அததான் அடைக்கணும்.

ஜனவரி 19

ஃபாயில் டேப் சுத்தி ஷிம் (இடைவெளிய அடைக்கற மெல்லிய பட்டை) வைக்கலாம், சீக்கிரம் முடியும், ஆனா சுத்தி ஒரே கனமா வர்றது கஷ்டம். நான் எடுத்தது லாக்டைட் 641, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுன உலோகத்த பிடிச்சுக்கற பசை. 638 இன்னும் பலம்தான், ஆனா பின்னாடி கழட்டணும்னா நல்லா சூடு காட்டணும், பக்கத்துலயே ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) இருக்குறப்போ அந்த வம்பு எதுக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கிரீஸ் போக துடைச்சு, காத்து வர்ற போர்ட் பக்கம் துளி கூட போகாம மெல்லிசா தடவி, போர்ட் நேரா வர்ற மாதிரி பேரல திருப்பி உக்கார வச்சு, ஸ்க்ரூவ அளவா இறுக்கி விட்டாச்சு. காத்து படாத இடத்துலதான் இது இறுகும், அலுமினியத்துல இன்னும் மெதுவா. நாளைக்கு தொடப் போறதில்ல.

ஜனவரி 21

ஒரே க்ரூப்! ஜீரோ (ஸ்கோப் குறியும் குண்டு விழுற இடமும் ஒண்ணா இருக்குற செட்டிங்) மட்டும் எங்கயோ போயிருச்சு, பேரல் புது இடத்துல உக்காந்தா அப்படித்தான், ஸ்கோப்ப திருப்பி சரி பண்ணியாச்சு. ஆனா சிலிண்டர்ல காத்து குறைய குறைய க்ரூப் மெல்ல வலது பக்கம் நகருது. வேகம் மாறி இருந்தா மேல கீழதான் போகணும், குண்டு வேகம் அளக்குற க்ரோனோலயும் பெரிய வித்தியாசம் இல்ல. அப்போ பேரல் பேண்டுதான். அது சிலிண்டரையும் பேரலையும் சேத்து கட்டி வச்சிருக்கு, பிரஷர் ஏறி இறங்குறப்போ சிலிண்டர் துளி வளையும், கூடவே பேரலையும் இழுத்துக்கும்.

ஜனவரி 25

பேண்ட கழட்டிட்டு ஃபுல் பிரஷர்ல இருந்து கடைசி வரைக்கும் சுட்டேன், நகரல. ஆனா பேண்ட் இல்லாம பையில வச்சு தூக்கிட்டு போனா பேரல் எங்கயாவது இடிபடும், ஒட்டுன இடம் விட்டுரும். அதனால பேண்ட் உள்வட்டத்த கொஞ்சம் பெருசாக்கி நடுவுல மெத்துன்னு ஓ-ரிங் போட்டு மாட்டப் போறேன், அதுக்கு லேத் வேணும்.